சேமக்காலையில் பிறந்த ரொக் பாட்டு

அந்தப் பாட்டு தொடங்கினால் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியாது. பூசையில் நற்கருணை கொடுத்து முடிந்து, கீபோர்ட்டில் முதல் சுரங்கள் விழுந்ததுமே என் கால் ஆடத் தொடங்கிவிடும். பக்தியால் அல்ல. எழுந்து போவதா இருப்பதா என்று முடிவெடுக்கத் தெரியாத கால் அது. கைப்பையைத் திறப்பேன், மூடுவேன். சால்வையை மடிப்பேன், பிறகு பிரிப்பேன். பக்கத்தில் இருந்த அக்கா ஒருவர் ஒருநாள் என் முழங்காலில் கை வைத்து, "என்ன, வெளியில போக வேணுமே?" என்று காதுக்குள் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் நம்பவில்லை.

ஐரோப்பாவில் தமிழில் பூசை நடக்கிற இடமெல்லாம் அந்தப் பாட்டு இருக்கிறது. இங்கே ஜெர்மனியில் ஹம்மில் இருக்கிறது, பிராங்பேர்ட்டில் இருக்கிறது, பாரிஸிலும் லண்டனிலும் இருக்கிறது. கோடையில் கேவலார் மாதாவிடம் யாத்திரை போகும்போது பஸ்ஸுக்குள் கைதட்டிப் பாடுவார்கள். பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்கும்போது பாடுவார்கள். கலியாண மண்டபத்தில் டிஜே அதற்குத் தாளம் கூட்டிப் போட, மணமக்கள் ஆடிக்கொண்டு உள்ளே வருவார்கள். எல்லோருக்கும் அது ஊரிலிருந்து வந்த பழைய மடு மாதா பாட்டு. எங்கள் கையில் இருக்கிற பாட்டுப் புத்தகத்திலும் 'மரபுப் பாடல்' என்றுதான் அச்சாகியிருக்கிறது. எங்கள் பாடற்குழுவில் மன்னார் அக்கா ஒருவர் இருக்கிறார். சின்ன வயதில் மாட்டுவண்டிலில் மடுத் திருத்தலத்துக்குப் போனபோது வழி முழுக்க இதைத்தான் பாடிக்கொண்டு போனதாகச் சத்தியம் செய்வார். சத்தியம் செய்கிறவரோடு நான் என்ன கதைப்பது?

அந்தப் பாட்டு மடுவில் பிறக்கவில்லை. இங்கிருந்து சாதாரண ரயிலில் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வரக்கூடிய தூரத்தில், ஒரு சின்ன ஊரின் சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவில் பிறந்தது. மெட்டு ஒரு ரொக் பாட்டினுடையது. என் பிள்ளையை மண்ணுக்குள் வைத்தபோதுதான் அதை முதன்முதலாகத் தமிழில் பாடினார்கள். பிள்ளையின் குழி இப்போது இல்லை. பாட்டு மட்டும்தான் மிச்சம். இந்த வருடம் எங்கள் குருவானவர் அதையும் பூசையிலிருந்து எடுத்துவிடப் போகிறேன் என்றார். அன்றிலிருந்து எனக்கு நித்திரையும் இல்லை, நிம்மதியும் இல்லை.

எண்பதுகளில் நாங்கள் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தபோது எங்களை ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் வைத்திருந்தார்கள். ஹைம் என்று சொல்வோம். என் கணவர் எனக்கு முன்னால் வந்தவர். அவரைப் பிராங்பேர்ட் பக்கம் ஓரிடத்தில் போட்டிருந்தார்கள். வயிற்றில் பிள்ளையோடு பின்னால் வந்த என்னை இந்தப் பக்கம் அனுப்பினார்கள். அவரவர் தங்கள் எல்லையைத் தாண்டி வெளியே போவதென்றால் அலுவலகத்தில் அனுமதிக் கடதாசி வாங்க வேண்டும். புருஷன் பெண்சாதியைப் பார்க்கவும் கடதாசிதான். அது கிடைக்கிற நாளில் வருவார், கிடைக்காத நாளில் தொலைபேசிக் கூட்டுக்குள் நின்று இருமுவார்.

ஹைமின் நடைபாதையில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவருடையது. காலையில் போட்டால் மாலையில்தான் நிறுத்துவார். அந்த வருடம் அதில் அந்த ரொக் பாட்டு ஓயாமல் போனது. இந்த நாட்டுப் பொடியன்கள் ஆங்கிலத்தில் பாடியது. பல் விளக்கும்போதும் அதுதான், பருப்பு அவிக்கும்போதும் அதுதான். ஒரு சொல்லும் எங்களுக்கு விளங்காது. பக்கத்து அறையில் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவன் இருந்தான். கோயில் இளைஞர் குழு கொடுத்த, ஒரு தந்தி அறுந்த கித்தார் அவனிடம் இருந்தது. அவன் அதில் பழகியது அந்த ஒரு பாட்டை மட்டும்தான். "டேய், வேற ஏதாவது அடி, இல்லாட்டி நிப்பாட்டு" என்று மற்ற ஆண்கள் கதவில் தட்டுவார்கள். நானும் திட்டியிருக்கிறேன். அப்போதே எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும்.

பிள்ளை மாதம் நிறையுமுன் வந்துவிட்டான். ஆண் பிள்ளை. பின்னேரம் பிறந்தான், விடியுமுன் போய்விட்டான். ஆஸ்பத்திரியில் இருந்த கன்னியாஸ்திரி ஒருவர் அவசர ஞானஸ்நானம் கொடுத்தார். அவனை என் கையில் தந்தார்கள், பிறகு வாங்கிக்கொண்டார்கள். என் கணவருக்குச் செய்தி போயிற்று. அவர் கடதாசிக்காக வரிசையில் நின்றார்.

அடக்கத்துக்கு ஹைமில் இருந்த ஆண்கள் எல்லோரும் வந்தார்கள். சைவ சமயத்தாரும் வந்தார்கள். யாரோ தந்த ஒரு கோட்டு என் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. ஜெர்மன் பாதிரியார் தன்னுடைய செபத்தைச் சொல்லி முடித்துவிட்டு, உங்கள் மொழியில் ஏதாவது பாடுங்கள் என்று கையால் காட்டினார். மன்னார்க்காரர் ஒரு மாதா பாட்டைத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்தார் சேர்ந்துகொண்டார்கள். சொல் ஒன்று, மெட்டு வேறு. அந்தப் பாட்டை அங்கே ஒரு மாதிரியும் இங்கே ஒரு மாதிரியும் பாடுவார்கள் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. இரண்டாம் வரியில் இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் பிள்ளைக்கு ஒரு பாட்டுக்கூட இல்லையா என்று எனக்கு நெஞ்சு வெடிக்கப் பார்த்தது.

அப்போதுதான் அந்தத் தம்பி கித்தாரைத் தொட்டான். அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான், அதையே தொடங்கினான். குளிரில் விரல் விறைத்திருந்ததால் மெதுவாகத்தான் வந்தது. சொற்கள் எங்கிருந்து வந்தன என்று அவனுக்கே தெரியாது. 'விடியமுன் வெளிக்கிட்டாய், விரல் பிடிக்க அவளிருப்பாள்' என்று பாடினான். அவள் என்றது மாதாவை. இன்னும் சில வரிகள் வந்தன. திருப்பித் திருப்பிப் பாட, மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். இப்போது மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒரே மெட்டு. மண்வெட்டியோடு நின்ற ஜெர்மன்காரர் ஒருவர் தலையைத் தூக்கி மற்றவரைப் பார்த்தார். அவர்களுக்கு மெட்டுத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பேரும் தொப்பியைக் கழற்றினார்கள்.

அந்தத் தம்பி பிறகு கனடாவுக்குப் போய்விட்டான். அங்கே செபக்கூட்டம் ஒன்றில் பாடியிருக்கிறான். யாரோ ஒலிநாடாவில் எடுத்தார்கள், யாரோ நகல் எடுத்தார்கள், தமிழ்க்கடைகளில் மிளகாய்த்தூள் பக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்து விற்றார்கள். புத்தகம் போட்டவர்கள் 'வெளிக்கிட்டாய்' என்பதை 'வெளிக்கிட்டோம்' என்று ஆக்கிவிட்டார்கள். பிள்ளை போன பாட்டு யாத்திரை போகிற பாட்டாயிற்று. தாளம் கூடியது, கைதட்டு வந்தது. ஊருக்கும் போனது. அங்கிருந்து புதிதாக வருகிறவர்கள், "எங்கட ஊர்ப் பாட்டை நீங்களும் பாடுறியளே!" என்று சந்தோஷப்படுகிறார்கள். ஒருமுறை கனடாவுக்குத் தொலைபேசி எடுத்து அந்தத் தம்பியைத் திட்டினேன். அவன் இப்போது அங்கே வீடு விற்கிற ஆள். "அக்கா, நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நீங்களே சொல்லாத கதையை நான் எப்பிடிச் சொல்லுறது?" என்றான். அது நியாயம்தான்.

நான் ஏன் சொல்லவில்லை? சொன்னால் பாட்டு வரும்போதெல்லாம் சனம் திரும்பி என்னைப் பார்க்கும். பிறகு பிறந்த மகளுக்கு மட்டும் சொல்லியிருந்தேன். என் கணவரும் நானும் அதைப்பற்றிக் கதைப்பதில்லை. கதைக்க வேண்டி வந்தால் 'அந்த விஷயம்' என்போம். அவர் பூசைக்கு வருவார், பாட்டு தொடங்குமுன் எழுந்து வெளியே போய்விடுவார். ஜன்னலால் பார்த்தால் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்பார். மழை பெய்தாலும் துடைப்பார். இவருக்கு நெஞ்சு கல்லாலானது என்று எத்தனை தடவை பல்லைக் கடித்திருக்கிறேன்.

இந்த நாட்டில் குழியும் வாடகைதான். காலம் முடிந்தால் எடுத்துவிடுவார்கள். சிலுவையில் ஒரு சின்ன அறிவிப்பு ஒட்டி வைத்திருப்பார்கள், உரியவர்கள் தொடர்புகொள்ளட்டும் என்று. முதியோர் இல்லத்தில் எனக்கு அடுத்தடுத்து வேலை. அவன் குழியின் காலம் முடிந்த குளிர்காலம் நான் அங்கே போகவில்லை. வசந்தத்தில் போனால் அங்கே புல். பிள்ளைகளின் வரிசை முழுக்கப் புல். ஒருவர் இயந்திரத்தை உருட்டிக்கொண்டு வெட்டிக்கொண்டிருந்தார். நான் அந்தப் புல்லைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். பூச்சாடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

அன்றைக்குப் பிறகுதான் பாட்டை நான் குழி மாதிரிப் பார்க்கத் தொடங்கினேன். கைதட்டிப் பாடினால் என்ன, டிஜே போட்டால் என்ன, அது இருக்கிறது.

போன வருடக் கடைசியில் எங்கள் பாடற்குழுவுக்கு ஒரு புதுப் பெண் வந்தாள். கோயம்புத்தூர்க்காரி, ஐடி வேலை, பிராங்பேர்ட்டிலிருந்து மாற்றலாகி வந்தவள். கீபோர்ட்டில் கை வைத்தால் தண்ணீர் மாதிரி ஓடும். முதல்நாள் பயிற்சியில் அந்தப் பாட்டை வாசித்துவிட்டு அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா, இந்த ட்யூன் எனக்குத் தெரியும்! காலேஜ்ல எங்க பேண்ட் இதைத்தான் வாசிப்போம். செம கிளாசிக் ராக்! இதைச் சர்ச் பாட்டா மாத்தினது யாரு? ஜீனியஸ்க்கா அவங்க!"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளுக்கோ வாய் ஓயவில்லை. பாட்டின் வரலாற்றையும் சொன்னாள். "அவங்களே அதைப் பெருசா நினைச்சு பண்ணலையாம்க்கா. ரெக்கார்டுல கொஞ்சம் இடம் மிச்சம் இருந்துச்சாம். சும்மா ஃபில்லரா ஒரு மத்தியானத்துல போட்டாங்களாம். இப்போ எங்க போனாலும் அதைத்தான் பாடச் சொல்றாங்களாம், அவங்களுக்கே போர் அடிச்சுப்போச்சாம்." பாட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். "பெருசா ஒண்ணும் இல்லக்கா. பைக், மழை, ஒரு பொண்ணு."

அவளிடம் வஞ்சகம் ஒன்றும் இல்லை. பூரிப்புத்தான். அதே பூரிப்போடு குருவானவரிடமும் சொல்லியிருக்கிறாள். பாடற்குழுவின் வாட்ஸ்அப்பில் அசல் பாட்டையும் போட்டுவிட்டாள். அதன் பிறகு பூசையில் பாட்டு தொடங்கினால் பின்வரிசைப் பிள்ளைகள் இல்லாத கித்தாரைக் கையில் பிடித்து ஆட்டினார்கள். ஒரு மாதத்தில் குருவானவர் அறிவித்தார், பாட்டை எடுத்துவிடப் போகிறேன், சனிக்கிழமை பாடற்குழு கூடி இதைப்பற்றிக் கதைத்து முடிவெடுப்போம் என்று.

அந்தச் சனிக்கிழமை காலையில் வீட்டில் இருக்க முடியவில்லை. சோறு வைத்தேன், அடுப்பை நிறுத்தினேன், காலில் சப்பாத்தைப் போட்டேன், ரயிலேறினேன். அந்தப் புல்லைப் பார்த்துவிட்டு வந்தாலாவது மனம் ஆறும் என்று நினைப்பு. பெட்டி முழுக்கக் கால்பந்து ரசிகர்கள். கழுத்தில் சால்வை, கையில் பியர். என்னைக் கண்டதும் ஒருவன் எழுந்து இடம் தந்தான். வேண்டாம் என்று நின்றேன். இரண்டு நிறுத்தம் போனதும் அந்தப் பாட்டை எடுத்தார்கள். வழக்கமாக அது எங்கே கேட்டாலும் நான் இடம் மாறிவிடுவேன், கடையென்றால் சாமானை வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். அன்றைக்கு நகர இடமில்லை. பெட்டி முழுக்க ஒரே குரலில் கத்துகிறது, தரை அதிர்கிறது, எனக்கோ வாய் தன்பாட்டுக்கு 'விடியமுன் வெளிக்கிட்டாய்' என்று அசைகிறது. ஒருவன் அதைக் கண்டுவிட்டான். "பாருங்கள், அம்மாவுக்கும் தெரியும்!" என்று கூவிக்கொண்டு என் உள்ளங்கையில் ஓங்கித் தட்டினான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. போக வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே இறங்கி, எதிர் மேடையில் திரும்பி வருகிற ரயிலைப் பிடித்தேன்.

கூட்டம் பங்கு மண்டபத்தில் நடந்தது. என்னை இறக்கிவிட்ட கணவர் உள்ளே வரவில்லை, காரில் இருந்தார். குருவானவர் நல்ல மனிதர், குரலை உயர்த்தத் தெரியாதவர். "மெட்டு எங்கையிருந்து வந்ததெண்டு இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. பிள்ளையள் நற்கருணை வாங்கிப்போட்டு வந்து சிரிக்கினம். எனக்கு வேற வழி தெரியேல்லை" என்றார்.

மன்னார் அக்கா துள்ளி எழுந்தார். "நாங்கள் ஏன் விடுறது? உந்த ஜெர்மன்காரன்தான் மடுவுக்கு வந்து எங்கட பாட்டைக் களவெடுத்துக்கொண்டு போயிருக்கிறான்! அந்தக் காலத்தில வெள்ளையள் வந்து போறவைதானே? நாங்கள் கேஸ் போட வேணும்!"

பாதிப்பேர் சிரித்தார்கள், பாதிப்பேர் இருக்கும் இருக்கும் என்று தலையாட்டினார்கள். ஒருவர் உண்மையாகவே எந்த வக்கீலைப் பிடிக்கலாம் என்று கேட்டார். கோயம்புத்தூர்ப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் எழுந்தேன். எழுந்தபோது சொல்வதாக இருக்கவில்லை. வெளியே போகத்தான் எழுந்தேன்.

"ஒருத்தரும் களவெடுக்கேல்லை," என்றேன். "அது என்ர பிள்ளையை அடக்கம் பண்ணேக்க பாடினது. எங்களுக்கு அண்டைக்கு ஒரு பாட்டுச் சரிவரேல்லை. ஒரு தம்பிக்கு அந்த ஒரு மெட்டுத்தான் தெரியும். பிள்ளையின்ர குழியையும் எடுத்துப்போட்டினம். இதையும் எடுக்கப் போறியளே?"

மன்னார் அக்கா என் கையைப் பிடித்தார். கண் நிறையத் தண்ணீர். "அப்ப நான் மடுவில பாடினது என்ன பாட்டு?" என்று என்னிடமே கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். குருவானவர் எழுந்து என் பக்கம் வந்தார். "எனக்குத் தெரியாமல் போச்சு அக்கா. பாட்டு இருக்கட்டும்" என்றார்.

அதற்குப் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். இனிக் கைதட்டக் கூடாது. மெதுவாகப் பாட வேண்டும். புத்தகத்தில் சொல்லைத் திருத்த வேண்டும். கார்த்திகையில் இறந்தவர்களை நினைக்கிற பூசையில் பிள்ளைக்கென்று சொல்லிப் பாட வேண்டும். அப்போது என்னை முன்வரிசையில் இருத்த வேண்டும். ஒவ்வொருவராக வந்து என் தோளைத் தொட்டார்கள். நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் நிம்மதி வரவில்லை. கைதட்டிச் சிரித்துப் பாடிய பாட்டை நான் துக்கவீடாக்கிவிட்டேனோ என்று ஒரு பக்கம். இனி ஒவ்வொரு கிழமையும் இவ்வளவு கண்கள் என் முதுகில் இருக்குமே என்று இன்னொரு பக்கம். தேநீர் ஊற்றுமுன் வெளியே வந்துவிட்டேன்.

காருக்குள் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினேன். "சொல்லிப்போட்டன்," என்றேன். "எல்லாருக்கும்."

"ம்."

"பாட்டை எடுக்க மாட்டினமாம். இனி மெல்லமாப் பாடுவினமாம்."

"ஓம்."

அந்த ஓம் என்னைக் கொளுத்திவிட்டது. "உங்களுக்கு ஒண்டும் இல்லையே? இத்தினை வருசமா அந்தப் பாட்டு வரேக்க எழும்பி வெளியில போறியள். ஒருநாளாவது எனக்குப் பக்கத்தில நிண்டனீங்களே?"

அவர் காரை எடுத்தார். வளைவைத் தாண்டினார். அவர் லொறி ஓட்டுகிறவர். ஓட்டும்போது அதிகம் கதைக்க மாட்டார்.

"எனக்குக் கடதாசி தந்தது மத்தியானம்," என்றார். "வந்து சேரேக்க மண் போட்டு மூடியாச்சு. என்னத்தைப் பாடினனீங்கள், ஒருக்காப் பாடிக் காட்டு எண்டு தம்பியைக் கேட்டன். அவனுக்கு ஏலாமல் போச்சு. வாயைத் திறக்க அழுகைதான் வந்தது. அந்த நேரம் பாத்து ஹைம் நடையில றேடியோவில மற்ற இங்கிலீசுப் பாட்டுப் போச்சுது. 'அண்ணை, இதுதான்' எண்டான். நான் அதைத்தான் நிண்டு கேட்டனான். எனக்கு அதுதான் பாட்டு."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"பூசையில பாடுறது எல்லாரின்ரையும் பாட்டு. அதில நான் நிக்கேல்லை. நீர் நிண்டனீர், அவை நிண்டவை. நான் வரேல்லைத்தானே? விடியக் காலமை லொறியை எடுக்கேக்க மற்றதைப் போடுவன். ஒவ்வொரு நாளும் போடுறனான். அதில நானும் அவனும் மட்டும்தான்."

அவன் என்றார். இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. இந்த மனிதரோடு ஒரே கட்டிலில் கிடந்து, ஒரே பானையில் சாப்பிட்டு, விடிய எழுந்து போகிறவர் எங்கே போகிறார் என்று தெரியாமல் இருந்திருக்கிறேன். கண்ணாடி துடைக்கிற மனிதரைக் கல் என்று நினைத்த என்மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

"போடுங்கோ," என்றேன்.

போட்டார். கரகரத்த குரலில் ஒருவன் மழையைப் பற்றியும் மோட்டார் சைக்கிளைப் பற்றியும் கத்தினான். என் கணவரின் விரல் ஸ்டியரிங்கில் தட்டிக்கொண்டே இருந்தது. வேகமான பாட்டுக்கு அவர் தட்டியது மெதுவாகத்தான், பிள்ளையை நித்திரையாக்கத் தட்டுகிற மாதிரி. நான் காது பொத்தவில்லை. பாட்டு முடிந்தபோது வீட்டு வாசலுக்கு வந்துவிட்டோம். அவர் எஞ்சினை நிறுத்தினார். இறங்கவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை.

"அவன் ஆரைப் போல இருந்தவன்?" என்று கேட்டார்.

இத்தனை வருடமும் இதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவனைக் கையில் வாங்கிப் பார்த்தது எங்கள் இரண்டு பேரில் நான் மட்டும்தான்.

"உங்களைப் போல," என்றேன். "காது அப்பிடியே உங்கட காது."